ஆறு மீட்டர் பின்திரைக்கு 300 டிபிஐ எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நெருங்கும்போது, மேடைப் பின்திரை, பதாகை, சுவரொட்டி ஆகியவற்றை வடிவமைக்கும் பொறுப்பு பெரும்பாலும் இளம் தொண்டூழியர்களின் தலையில்தான் விழுகிறது. அவர்களில் பலர் கடைசி நாள் இரவில் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். வடிவமைப்பு முடிந்திருக்கும், அச்சகம் காத்திருக்கும். ஆனால் கோப்பை எக்ஸ்போர்ட் செய்யும், அதாவது அச்சகத்துக்கு அனுப்பும் வடிவில் வெளியே எடுக்கும், பொத்தானை அழுத்தியதும், போதிய நினைவகம் இல்லை என்று சொல்லி மென்பொருள் நின்றுவிடும். அச்சு வடிவமைப்பில் 20 ஆண்டுகளுக்கு மேலாக இருப்பவள் என்ற முறையில், இந்தச் சிக்கல் எங்கிருந்து வருகிறது, புதிய கணினி வாங்காமலேயே அதை எப்படித் தீர்ப்பது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை இரவு 11 மணிக்கு, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் சார்ந்த அமைப்பின் கவியரங்கத்துக்கு 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட பின்திரை வேண்டும். திங்கட்கிழமை காலையில் கோப்பு அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். "அக்கா, கம்ப்யூட்டர்ல இன்னும் 400 ஜிபி காலியாத்தான் இருக்கு. ஆனா மெமரி பத்தலைன்னே சொல்லுது. மூணு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டேன்," என்றபோது அவருடைய குரல் தழுதழுத்தது. "அது வேற மெமரி, இது வேற மெமரி, தம்பி. முதல்ல உங்க ஃபைலோட அளவ எனக்கு வாசிச்சுச் சொல்லுங்க," என்றேன். அகலம் 70,866 பிக்சல், உயரம் 35,433 பிக்சல், 300 டிபிஐ, சிஎம்ஒய்கே, 17 லேயர்கள் என்று அவர் வாசித்தார். டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் அடங்கும் புள்ளிகளின் எண்ணிக்கை; சிஎம்ஒய்கே என்பது நான்கு மைகளால் அச்சிடும் வண்ண முறை; லேயர் என்பது வடிவமைப்பில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் படலம். முதல் இரண்டு எண்களைக் கேட்டதுமே எனக்குக் காரணம் விளங்கிவிட்டது.

அந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 2.5 பில்லியன் படப்புள்ளிகள், அதாவது பிக்சல்கள், வரும். சிஎம்ஒய்கே முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு மைகளின் அளவைக் குறித்து வைக்க 4 பைட் தேவை என்பதால், திரை முழுவதையும் நிரப்பும் ஒரே ஒரு லேயருக்கு மட்டும் ஏறத்தாழ 10 ஜிபி நினைவகம் வேண்டும். பின்னணிப் படம் ஒன்று, அதன் மேல் ஒளிச்சாயல் ஒன்று, அதற்கும் மேல் கோலம் ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போனால் தேவையும் அதே வேகத்தில் ஏறும். எக்ஸ்போர்ட் செய்யும் நேரத்தில் மென்பொருள் அத்தனை லேயர்களையும் ஒன்றாக்கிப் புதிய பிரதி ஒன்றை வேறு உருவாக்குகிறது. அந்தத் தம்பியின் மடிக்கணினியில் இருந்தது 16 ஜிபி ரேம், அதாவது நினைவகம். அவர் பயன்படுத்திய ஃபோட்டோஷாப் மென்பொருள் வழக்கமாகத் தனக்குக் கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 70 விழுக்காட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். அதாவது அதிகபட்சம் 11 ஜிபி. அதை வைத்துக்கொண்டு அந்தக் கணினி அத்தனை நேரம் ஈடுகொடுத்ததே பெரிது.

நினைவகத்தை எவ்வளவு கூட்டியிருந்தாலும் அன்றைக்கு அவருடைய வேலை முடிந்திருக்காது. அச்சகம் ஜேபெக் கோப்பு கேட்டிருந்தது. ஜேபெக் வடிவத்தில் அகலத்திலோ உயரத்திலோ 65,535 பிக்சலுக்கு மேல் இடமே கிடையாது. இவருடைய அகலமோ 70,866. ஃபோட்டோஷாப்பின் சாதாரண பிஎஸ்டி கோப்பு அகலத்திலும் உயரத்திலும் 30,000 பிக்சலோடு நின்றுவிடும். அதற்கு மேல் போக வேண்டுமானால் பெரிய கோப்புகளுக்கான பிஎஸ்பி போன்ற வடிவத்தில் சேமிக்க வேண்டும். வளைகோடுகளால் வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரை எடுத்துக்கொண்டால், அதன் வழக்கமான கேன்வாஸ், அதாவது வரைபரப்பு, 227 அங்குலத்தைச் சற்றே தாண்டும், அதாவது ஏறத்தாழ 5.78 மீட்டர். ஆறு மீட்டர் பின்திரை அதில் அடங்காது. 2020இல் வந்த பெரிய கேன்வாஸ் வசதியைப் பயன்படுத்தலாம்; அல்லது பத்தில் ஒரு பங்கு அளவில் வடிவமைத்து, அதை அச்சகத்திடம் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

இத்தனைக்கும் காரணமாக இருந்தது, அந்த அச்சகம் தன் வாடிக்கையாளர் எல்லாருக்கும் அனுப்பும் குறிப்புத் தாளில் இருந்த ஒரே ஒரு வரி: "எல்லாக் கோப்புகளும் 300 டிபிஐ அளவில் இருக்க வேண்டும்." பெயர் அட்டைக்கும் அதே தாள், பின்திரைக்கும் அதே தாள். அச்சகத்தின் பெயரைச் சொல்வது என் நோக்கமன்று. இப்படிப்பட்ட குறிப்புகளை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

அந்த 300 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு வடிவமைப்பாளரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. நல்ல பார்வையுள்ள மனிதக் கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரையில்தான் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். புத்தகத்தையோ அழைப்பிதழையோ நாம் 30 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் படிக்கிறோம். அந்தத் தொலைவில் கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு ஏறத்தாழ 0.087 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்தில் அப்படி எத்தனை புள்ளிகள் அடங்கும் என்று கணக்கிட்டால் 290க்கு மேல் வரும். கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுப் பொருளுக்கு 300 டிபிஐ பொருந்துவது இதனால்தான். மேடைப் பின்திரையை அப்படி யாரும் மூக்கருகில் வைத்துப் பார்ப்பதில்லை. முதல் வரிசை நாற்காலி மேடையிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருந்தால், அங்கு உட்கார்ந்திருப்பவரின் கண்ணால் 1.2 மில்லிமீட்டரைவிடச் சிறிய புள்ளிகளைப் பிரித்தறிய முடியாது. 75 டிபிஐயில் அச்சிட்டால் ஒரு புள்ளியின் அகலம் 0.34 மில்லிமீட்டர்தான். நிகழ்ச்சி முடிந்து பின்திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் ஒன்றரை மீட்டர் தொலைவில் நின்று பார்த்தாலும் அது போதுமானது.

300ஐ 75 ஆக்கும்போது அகலம் நான்கில் ஒன்றாகிறது, உயரமும் நான்கில் ஒன்றாகிறது. ஆகவே மொத்தப் புள்ளிகள் பதினாறில் ஒன்றாகக் குறைந்துவிடுகின்றன. பத்து ஜிபி கேட்ட அதே லேயர் 630 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அச்சிட்டுத் தொங்கவிட்ட பிறகு பார்ப்பவர்களுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னபோது அவர் நீண்ட நேரம் தயங்கினார். தரத்தைக் குறைத்து அனுப்பினால் அமைப்பின் தலைவர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் நியாயமானது. டிபிஐயைக் குறைப்பதைத் தரத்தைக் குறைப்பதாக நினைக்கும் வழக்கம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

நினைவகம் தீர்ந்துபோனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இது தமிழில் வேலை செய்பவர்களுக்கே உரியது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். அந்த 17 லேயர்களில் 9 லேயர்கள் கவிதை வரிகள். ஒவ்வொரு வரியையும் அவர் படமாக மாற்றி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "போன வருஷம் எழுத்தா அனுப்பினோம் அக்கா. கொம்பெல்லாம் தனியா போயிடுச்சு. மேடையில எல்லாரும் பாத்தாங்க," என்றார். சிங்கப்பூரில் வாழும் தமிழர் ஒவ்வொருவரும் எங்கேனும் ஓர் அறிவிப்புப் பலகையில் இந்தக் கொடுமையைப் பார்த்திருப்போம். யூனிகோடு முறையில் "கெ" என்ற எழுத்தைச் சேமிக்கும்போது, "க" முதலிலும் கொம்பு அதற்குப் பின்னாலும் பதிவாகின்றன. கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. தெற்காசிய எழுத்துகளுக்கான எழுத்துப் பொறி இயங்காத மென்பொருளில் திறந்தால் கொம்பு வலப்பக்கமே நின்றுவிடும். "கொ", "கோ" போன்றவையும் இப்படித்தான் சிதைகின்றன. ஒருமுறை அந்த அவமானத்தைச் சந்தித்தவர்கள், அடுத்த முறை எழுத்தைப் படமாக்கி அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்வது இயல்பு. அதன் விலை, ஒவ்வொரு வரிக்கும் பல நூறு மெகாபைட் நினைவகம்.

இதற்கு நல்ல தீர்வு அவுட்லைன். இல்லஸ்ட்ரேட்டரிலோ கோரல்டிராவிலோ தமிழ் வரிகளைச் சரியாக அமைத்து, பிழைதிருத்தம் முடித்த பிறகு, எழுத்துகளை அவுட்லைன்களாக, அதாவது வளைகோடுகளாக, மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு அச்சகத்தின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும், தமிழைப் பற்றி அந்த மென்பொருளுக்கு எதுவுமே தெரியாவிட்டாலும், கொம்பு இடம் மாறாது. வளைகோடு என்பது கணக்கு வடிவில் இருப்பதால் அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதறாது. ஒரு முழுக் கவிதைக்கும் சில நூறு கிலோபைட்டே போதும். மாற்றுவதற்கு முன் ஒரு பிரதியை எழுத்தாகவே வைத்துக்கொள்ளுங்கள். "வாழ்த்துகள்" சரியா, "வாழ்த்துக்கள்" சரியா என்ற கேள்வி எப்போதும் அச்சுக்குப் போகும் நாளில்தான் எழும். வளைகோடுகளில் ஓர் ஒற்றைச் சேர்ப்பதோ நீக்குவதோ எளிதன்று.

எழுத்துக்குப் பின்னால் போடும் நிழலையும் கவனிக்க வேண்டும். எழுத்து வளைகோடாக இருந்தாலும், அதன் நிழலும் ஒளிவட்டமும் எக்ஸ்போர்ட் செய்யும்போது படப்புள்ளிகளாகத்தான் மாறுகின்றன. இல்லஸ்ட்ரேட்டரில் இதற்கென்று தனி அமைப்பு உண்டு. எஃபெக்ட் பட்டியலில் டாக்குமென்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்ஸ் என்ற பெயரில் இருக்கும். முழு அளவில் வடிவமைத்த பின்திரையில் அது 300 என்று இருந்தால், கோப்பில் ஒரு படமும் இல்லாவிட்டாலும் நினைவகம் தீர்ந்துவிடும். அதை 72க்கு இறக்குங்கள். பத்தில் ஒரு பங்கு அளவில் வடிவமைத்திருந்தால் மட்டும் கணக்கு தலைகீழ். அங்கு 72 வைத்தால் அச்சில் அது 7 டிபிஐ ஆகி நிழல் கட்டம் கட்டமாகத் தெரியும்.

நினைவகம் என்ற சொல்லைப் பற்றியும் தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. மெமரி கார்டும் மெமரி, தொலைபேசியின் 256 ஜிபியும் மெமரி, கணினியின் ரேமும் மெமரி என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். நிரந்தரமாகச் சேமித்து வைக்கும் இடம் சேமிப்பகம். வேலை செய்யும்போது மட்டும் பொருள்களைப் பரப்பி வைக்கும் மேசை போன்றது நினைவகம். அலமாரி காலியாக இருக்கிறது என்பதற்காக மேசை பெரிதாகிவிடாது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கும்போது, தங்கள் நாளிதழ் தொழில்நுட்பச் செய்திகளில் அவற்றை மாற்றிப் போடாமல் பயன்படுத்தினால், இரவு 11 மணிக்கு 400 ஜிபியைக் காட்டிக் கலங்கும் பிள்ளைகள் குறைவார்கள்.

இந்தக் குழப்பத்தால் நானும் பணம் இழந்திருக்கிறேன். 2011இல் இல்லஸ்ட்ரேட்டரில் நினைவகம் போதாது என்ற இதே செய்தி வந்தபோது, ஒரு கடைக்காரரின் பேச்சைக் கேட்டு என் கணினியின் ரேமை 4 ஜிபியிலிருந்து 16 ஜிபிக்கு உயர்த்தினேன். அன்றைய நிலையில் எனக்கு அது பெரிய செலவு. வீட்டுக்கு வந்து அதே கோப்பைத் திறந்தேன். அதே இடத்தில் அதே செய்தி வந்தது. அப்போதைய இல்லஸ்ட்ரேட்டர் 32 பிட் மென்பொருள். அத்தகைய மென்பொருளால் 4 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தைத் தொடவே முடியாது. 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பில்தான் அது 64 பிட்டாக மாறியது. ஃபோட்டோஷாப் விண்டோசில் 2008ஆம் ஆண்டின் சிஎஸ்4 பதிப்பிலேயே மாறிவிட்டது. இதைக் கடைக்காரர் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பழைய பதிப்பை இன்னும் வைத்திருப்பவர்கள், ரேம் வாங்க, கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் புறப்படும் முன் தங்கள் மென்பொருள் எத்தனை பிட் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அளவைச் சரிசெய்த பிறகும் செய்தி வந்தால், சில அமைப்புகளைப் பார்க்கலாம். ஃபோட்டோஷாப்பில் நினைவகம் தீரும்போது அது வட்டில் ஓரிடத்தைத் தற்காலிக மேசையாகப் பயன்படுத்துகிறது. ஸ்கிராட்ச் டிஸ்க் என்பது அதுதான். அந்த வட்டு நிரம்பியிருந்தால் வேலை நின்றுவிடும். ஆகவே காலியிடம் மிகுந்த, வேகமான எஸ்எஸ்டி வட்டை அதற்கு ஒதுக்குங்கள். பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 70 விழுக்காட்டைச் சற்று உயர்த்தலாம், ஆனால் 100க்குத் தள்ளிவிட்டால் இயங்குதளமே மூச்சுத் திணறும். முந்தைய 50 படிகளை நினைவில் வைத்திருக்கும் ஹிஸ்டரியை 20க்குக் குறைத்து, எடிட் பட்டியலில் பர்ஜ் கட்டளையால் தேங்கிய நினைவகத்தைக் காலி செய்து, உலாவியை மூடிவிட்டு முயலுங்கள். சேவ் ஃபார் வெப் என்ற பழைய கட்டளையைப் பின்திரைக்குப் பயன்படுத்தவே கூடாது. இணையத்துக்கான சிறு படங்களுக்காக உருவானது அது. சேவ் அஸ் மூலம் நேரடியாக டிஃப் அல்லது பிடிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள்.

இவற்றுக்குப் பிறகும் பிடிவாதமாகச் செய்தி வருமானால், கோப்புக்குள் ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்க நான் நம்பும் வழி, பாதி பாதியாகப் பிரிப்பது. கோப்பின் பிரதியொன்றில் பாதி லேயர்களை நீக்கிவிட்டு எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். வேலை செய்தால், குற்றவாளி நீக்கிய பாதியில் இருக்கிறது. செய்யாவிட்டால், எஞ்சிய பாதியில். அந்தப் பாதியை மீண்டும் இரண்டாக்குங்கள். 16 லேயர்கள் இருந்தாலும் நான்கே முயற்சிகளில் ஒரே லேயருக்கு வந்துவிடலாம். சென்ற ஆண்டு ஒரு கோயில் திருவிழாப் பதாகையில் இப்படித் தேடியபோது, மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரிந்த ஓர் ஆதரவாளரின் சின்னம் கிடைத்தது. அதைத் திறந்து பார்த்தால், உள்ளே பதாகையைவிடப் பெரிய ஸ்கேன் படம் ஒன்று முழுமையாகப் பதிந்திருந்தது. வெளியே தெரியும் அளவை நம்பக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தம்ப் டிரைவில் நேரடியாக எக்ஸ்போர்ட் செய்வதையும் தவிர்க்க வேண்டும். ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் அமைந்த டிரைவ் 4 ஜிபியை எட்டும் எந்தக் கோப்பையும் ஏற்காது. 64 ஜிபி காலியாக இருந்தாலும் மறுத்துவிடும். கணினியிலேயே சேமித்துவிட்டு, இந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்த டிரைவில் பிறகு நகலெடுங்கள்.

அந்தத் தம்பி கோப்பை 75 டிபிஐக்குக் குறைத்தார், ஒன்பது வரிகளையும் இல்லஸ்ட்ரேட்டரில் மீண்டும் தட்டச்சு செய்து அவுட்லைன் ஆக்கினார், பின்னணிப் படத்தை அதன் கீழே இணைத்தார். பின்னிரவு 1.20க்கு பிடிஎஃப் கோப்பு எனக்கு வந்தது. 28 மெகாபைட். என் திரையில் 800 விழுக்காடு பெரிதாக்கி ஒவ்வொரு கொம்பாகப் பார்த்தேன்; எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

தமிழ் நிகழ்ச்சிகளை நடத்தும் அமைப்புகளை நான் கேட்டுக்கொள்வது இதுதான். வடிவமைப்புப் பணியைத் தொண்டூழியரிடம் ஒப்படைக்கும் நாளிலேயே, பின்திரையின் அகலம், உயரம், முதல் வரிசைக்கும் மேடைக்கும் இடையிலான தொலைவு ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுங்கள். அச்சகங்கள் தங்கள் குறிப்புத் தாளில், கையில் பிடிக்கும் அச்சுக்கு 300, பின்திரைக்கு 75 முதல் 100 என்று இரண்டு வரிகளாகப் பிரித்து எழுதட்டும். தமிழ் எழுத்துகளை அவுட்லைனாக மாற்றி அனுப்ப வேண்டும் என்று மூன்றாவது வரியையும் சேர்த்தால், தமிழ் தெரியாத அச்சக ஊழியருக்கும் அது பெரிய உதவி.

இப்படிக்கு,
அச்சு வடிவமைப்பாளர், ஈசூன்